பொருளியல் எவ்வகை அறிவியல்? சித்தூர் எல்லையிலிருந்து சில எண்ணங்கள்

பொருளியலை அறிவியல் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: அதற்கு முன்கூட்டிச் சொல்லத் தெரியாது. கிரகணம் எந்த நிமிடத்தில் பிடிக்கும் என்று வானியல் சொல்லிவிடுகிறது; அடுத்த ஆவணியில் கொப்பரை என்ன விலைக்குப் போகும் என்று எந்தப் பொருளியலாளராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்துத் தோப்புகளில், இந்தக் குறையைச் சொல்லாத விவசாயி அரிது. 2025-ஆம் பருவத்துக்கு மத்திய அரசு அரவைக் கொப்பரைக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் சந்தை விலை 20,000 ரூபாயைத் தாண்டிப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விலை கட்டவில்லை என்று கொப்பரை உலர்த்தும் களத்தை மூடியவர்களும், மரத்தை வெட்டியவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களுக்கு முன்பே ஒருவர் வந்து சொல்லியிருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. மேல்நிலை வகுப்பில் பொருளியல் நடத்துகிறவன் என்பதால் அந்தக் கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

முன்கூட்டிச் சொல்வதுதான் அறிவியலின் அடையாளம் என்றால், நிலநடுக்கவியலை நாம் வெளியே தள்ள வேண்டியிருக்கும். நிலத்தட்டுகள் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கின்றன என்று அளந்து வைத்திருக்கும் அந்தத் துறையால், அடுத்த நடுக்கம் எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக அதை யாரும் ஜோதிடத்தோடு சேர்ப்பதில்லை. 1846-இல் யுரேனஸ் கோளின் ஓட்டத்தில் தெரிந்த சிறு பிசகைக் கொண்டு, இன்னொரு கோள் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளாகவே நெப்டியூன் கிடைத்தது. அந்த வெற்றி அறிவியலைப் பற்றிய நம் எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டது. ஆனால் சூரியனும் ஒரு சில கோள்களும், அவற்றைக் குறுக்கிட வேறு யாரும் இல்லாத வெளியும் என்ற அமைப்பு இயற்கையிலேயே அபூர்வமானது. அந்த வெற்றியை அளவுகோலாக வைத்தால் உயிரியலின் பெரும்பகுதியும், வானிலையியலும், மண்ணியலும் தேறாது.

எனவே வேறுபாட்டை வேறிடத்தில் தேட வேண்டும். மழையையும் விலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

பருவமழை பற்றிய முதல் முறையான முன்னறிவிப்பை, இமயமலையின் பனிப்பரப்பை ஆதாரமாகக் கொண்டு, 1886-இல் அன்றைய வானிலைத் துறைத் தலைவர் பிளான்போர்டு இந்தியாவில் வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்திய வானிலைத் துறை சொன்னது எத்தனையோ முறை பலித்திருக்கிறது, எத்தனையோ முறை பிசகியிருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் நடந்ததில்லை: முன்னறிவிப்பைக் கேட்டுவிட்டு மழை தன் மனத்தை மாற்றிக்கொண்டதில்லை. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் விளைபொருள்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. விதைக்கலாமா, இருப்பு வைக்கலாமா என்று முடிவெடுக்க விவசாயிகளுக்கு அது உதவியாக இருக்கிறது. இப்போது, இன்னும் மூன்று மாதத்தில் கொப்பரை விலை ஏறும் என்ற செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நம்புகிற களத்துக்காரர் மூட்டையைக் கட்டி உள்ளே வைப்பார். பலரும் அப்படிச் செய்தால் வரத்து இன்றே குறையும், விலை இன்றே ஏறும். மூன்று மாதம் கழித்து எல்லா மூட்டையும் ஒன்றாக வெளியே வரும்போது விலை இறங்கவும் கூடும். கணித்தவர் கணக்கில் தவறவில்லை. கேட்டவர்கள் கேட்டபடி நடந்ததால் கணிக்கப்பட்ட உலகம் வேறாகிவிட்டது. வானியலாளருக்கோ வேதியியலாளருக்கோ இந்தச் சங்கடம் ஒருபோதும் வருவதில்லை.

தேங்காயிலேயே இந்த இரண்டு வகை அறிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஒரு பாளை மரத்தின் குருத்துக்குள் கருவாகி, வெடித்து, காய் பிடித்து, முற்றிய தேங்காயாக விழுவதற்கு ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. இந்தக் கோடையில் மரம் வாடினால், இப்போது தொங்கும் குரும்பை உதிர்வதோடு அது முடிவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து வர வேண்டிய குலையும் சிறுத்துப் போகும். ஆகவே வரும் ஆண்டின் விளைச்சலில் ஒரு பெரும்பங்கு ஏற்கெனவே மரத்துக்குள் தீர்மானமாகிவிட்டது. அதைத் தாவரவியல் ஓரளவு சொல்லிவிடும். இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ எவ்வளவு விளைச்சலைத் தின்னும் என்பதையும், அதன் இளம்பருவத்தின் உடலுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி எவ்வளவு மீட்டுத் தரும் என்பதையும் பூச்சியியல் சொல்லும். வரத்துக்குப் பிறகு வரும் பாதிதான் பொருளியலின் பொறுப்பு: யார் வாங்குவார், யார் பதுக்குவார், தேங்காய் எண்ணெயை விட்டுப் பாமாயிலுக்கு எத்தனை அடுப்படிகள் மாறும். அந்தப் பாதி, சொன்னதைக் கேட்கும் பாதி.

இயற்கை அறிவியலின் வேலை இதனால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. தென்னையில் கேரள வேர் வாடல் நோய் 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் தென்பட்டதாகப் பதிவு இருக்கிறது. காயங்குளத்தில் அதற்கென்றே ஆய்வு நிலையம் அமைந்தது. மண்ணில் சத்துக் குறைவா, பூஞ்சையா, பாக்டீரியாவா, வைரஸா என்று தலைமுறை தலைமுறையாகத் தேடி, 1980-களில்தான் மின்னணு நுண்ணோக்கியின் உதவியோடு பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரே காரணம் என்று நிலைநிறுத்தினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு. ஆனால் அந்த நூறு ஆண்டும் நோய் அதே நோயாகக் காத்திருந்தது. 1930-இல் ஒருவர் எழுதிவைத்த அறிகுறியை 1980-இல் இன்னொருவர் எடுத்துச் சரிபார்க்க முடிந்தது. இயற்கை அறிவியலுக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை இந்தப் பொறுமைதான் என்று நான் கருதுகிறேன். ஒரு பொருளாதாரச் சிக்கலை நூறு ஆண்டு ஆராய முடியாது; முப்பது ஆண்டில் அந்தச் சிக்கலே வேறொன்றாகியிருக்கும்.

அளவையிலும் இதே கதை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழை என்ற ஆற்றுக்கு வர வேண்டும். ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதல் செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டது. இரு மாநிலப் பொறியாளர்களுக்கும் எவ்வளவு மனக்கசப்பு இருந்தாலும், கன அடி என்றால் என்ன என்பதில் தகராறு இல்லை. அன்றைய கன அடிதான் இன்றைய கன அடி. ஆனால் அன்றைய ரூபாய் இன்றைய ரூபாய் அல்ல. அதைச் சமன்செய்ய விலைவாசிக் குறியீட்டெண் வேண்டும்; அந்தக் குறியீட்டெண்ணைக் கட்ட, ஒரு குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று தெரிய வேண்டும்; குடும்பங்களோ விலையைப் பார்த்துச் செலவை மாற்றிக்கொண்டே இருக்கும். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் குறியீட்டெண்ணில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை கொடுக்கப்பட்டிருந்தது. பத்தாண்டு கழித்து அதே எடை எந்த வீட்டுக்குப் பொருந்தும்? கிலோகிராமை 2019-இல், இயற்கையில் எங்கும் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலியோடு இயற்பியலார் கட்டிவைத்துவிட்டார்கள். பொருளியலில் அப்படிக் கட்டிவைக்க ஒரு மாறிலி கூடக் கிடையாது. இருக்கிற எண்கள் எல்லாம் ஓர் ஊரில், ஒரு காலத்தில், ஒரு சட்டத்தின் கீழ் எடுத்தவை.

இதை உணராமல் இயற்பியலைப் போலவே இருக்க ஆசைப்பட்டபோதெல்லாம் பொருளியல் அடி வாங்கியிருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்த பில்லிப்ஸ், மின்பொறியியல் படித்துவிட்டுப் பொருளியலுக்கு வந்தவர். 1949-இல் அவர் லண்டனில் ஓர் இயந்திரம் செய்தார்: கண்ணாடி போன்ற தொட்டிகளிலும் குழாய்களிலும் நிறமேற்றிய தண்ணீர் ஓடும், வருமானம் ஒரு பக்கம் பாயும், வரி ஒரு மடையில் பிரியும், சேமிப்பு ஒரு தொட்டியில் தேங்கும். மணக்கடவைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ளப் பாடமே தேவையில்லை. அந்த மனிதரின் அறிவுக்கூர்மையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவரே 1958-இல், பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான கணக்கை எடுத்து, வேலையின்மை குறைவாக இருந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியிருக்கிறது என்று காட்டினார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நிலைத்த உறவு. அரசுகள் அதை ஒரு மடைப்பலகை போல எண்ணி, கொஞ்சம் பணவீக்கத்தைத் திறந்துவிட்டால் வேலையின்மை குறையும் என்று திட்டம் போட்டன. 1970-களில் விலையும் ஏறியது, வேலையின்மையும் ஏறியது. அரசு பணவீக்கத்தை விடப்போகிறது என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் அதற்கும் சேர்த்துக் கூலி கேட்டார்கள், உறவு குலைந்தது. 1976-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் இதைப் பொதுவாக்கி எழுதினார்: ஒரு கொள்கையின் கீழ் மக்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்து எடுத்த கணக்கை வைத்து, வேறொரு கொள்கையின் விளைவைச் சொல்ல முடியாது, ஏனென்றால் கொள்கை மாறினால் நடத்தையும் மாறும். பொருளியல் தன்னைத்தானே புரிந்துகொண்ட மிக முக்கியமான இடங்களில் ஒன்று இது என்பது என் கருத்து.

அப்படியானால் பொருளியல் எதையுமே நிலையாகச் சொல்லவில்லையா? சொல்கிறது, அதற்கு எங்கள் எல்லையைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வாளையாறு மலைப்பக்கம் போல் அல்லாமல், கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்தில் எல்லை சமதரையில் போகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பு, அந்தப் பக்கம் ஒரு தோப்பு. மண் ஒன்று, மழை ஒன்று, பேசும் மொழியும் தமிழ்தான். இந்தப் பக்கத்து மரத்தில் ஏறுகிறவர் வெடிக்காத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, கலயத்தை மாட்டுகிறார். நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை சாறு இறங்குகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் பதநீர். பூசாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் புகுந்து சில மணி நேரத்தில் கள். பாளைக்கு எந்த மாநிலம் என்று தெரியாது, ஈஸ்ட்டுக்கும் தெரியாது. ஆனால் கேரளத்தில் கள் இறக்குவது உரிமத்தோடு கூடிய தொழில்; சித்தூர் வட்டத்துக் கள் உரிமச் சீட்டோடு மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் வண்டியில் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் அது குற்றம். ஆகவே வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மரத்தில் பாளையிலிருந்து கள் இறக்க முடியாது.

இந்த இரண்டு தோப்பிலும் விழும் தேங்காய்க்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்; வண்டிச் செலவு போக ஏறக்குறைய ஒரே விலைதான். தேங்காய் தடையில்லாமல் எல்லை கடக்கிறது. விலை வேறுபட்டால் நாளை காலையிலேயே ஒரு வியாபாரி லாரியைத் திருப்பிவிடுவார். ஒரே பொருளுக்கு ஒரே விலை என்று பாடப்புத்தகம் சொல்லும் விதி, எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், தினமும் இங்கே நிரூபணமாகிறது. கள் எல்லை கடக்க முடியாது. ஆகவே அதற்கு ஒரு பக்கம் விலை இருக்கிறது, மறுபக்கம் சந்தையே இல்லை. இதுவும் அதே விதி சொல்வதுதான். மூன்றாவதாகக் கூலியைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி தொகுத்த கணக்கின்படி 2022-23-இல் கேரளக் கிராமங்களில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 764.3 ரூபாய், அகில இந்தியச் சராசரி 345.7. தொழிலாளி எல்லை கடக்கத் தடையில்லை. தமிழ்நாட்டு ஆனைமலைப் பக்கத்திலிருந்து தினமும் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். தேங்காயைப் போல என்றால் இரு பக்கக் கூலியும் சமமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளி, தொழிற்சங்கம், தெரிந்தவர் மூலமாகவே கிடைக்கும் வேலை, ஊரில் இருக்கும் வயதான தாய், இவை எல்லாம் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்துகின்றன. விதி பொய்யாகவில்லை, எந்த நிபந்தனையில் அது செல்லும் என்று அறிந்தோம். அந்த நிபந்தனைகளைத் தேடிப் பிடிப்பதே பொருளியலின் உண்மையான அறிவியல் வேலை.

எல்லையைச் சோதனைக்கூடமாகப் பயன்படுத்துவது உலகறிந்த முறையும்கூட. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் கணக்கெடுத்து, கூலி உயர்ந்த பக்கத்தில் வேலைவாய்ப்பு குறையவில்லை என்று 1994-இல் வெளியிட்டார்கள். வேறு தரவை வைத்து மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த விவாதம் நெடுநாள் நடந்தது. குரூகர் 2019-இல் மறைந்தார். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் எல்லையை அவ்வளவு சுத்தமான சோதனையாக நான் கருதவில்லை. சித்தூர் 1956-இல் திடீரென்று வேறான ஊர் இல்லை. அதற்கு முன்பே கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது, சுற்றிலும் இருந்த நிலம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பள்ளிகள் வேறு, நில உரிமை முறை வேறு. 1970-இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் இந்தப் பக்கத்துக் குடியானவருக்கு நிலம் தந்தது. அந்தப் பக்கத்தில் நடந்தது வேறு. ஆகவே இன்று இரு தோப்புக்காரர்களின் வருமானம் வேறுபட்டால், அது கள்ளினாலா, கூலியினாலா, நூறு ஆண்டுப் பழைய நிர்வாகத்தினாலா என்று பிரிப்பது கடினம். பூச்சியியலாளர் இரண்டு மரங்களில் ஒன்றுக்கு ஒட்டுண்ணியை விட்டு, மற்றொன்றை அப்படியே வைத்து ஒப்பிடுவார். வரலாற்றை அப்படி யாரும் நமக்குப் பிரித்து வைத்துத் தரவில்லை. 2019-இல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர், சீட்டுக் குலுக்கிச் சில ஊர்களுக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்து, மற்ற ஊர்களோடு ஒப்பிடும் முறையைப் பரவலாக்கினார்கள். சிறு கேள்விகளுக்கு அது மிக நல்ல முறை. மாநில எல்லையைச் சீட்டுக் குலுக்கி மாற்ற முடியாது.

துறைக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. சந்தை விலையில் எல்லாத் தகவலும் அடங்கியிருக்கிறது என்று வாதிட்ட யூஜின் ஃபாமாவும், அது உணர்ச்சி வேகத்தில் வழி தவறும் என்று காட்டிய ராபர்ட் ஷில்லரும் 2013-இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதை வெட்கத்துக்குரியதாக நான் நினைக்கவில்லை. ஒருவர் காட்டியது குறுகிய கால விலையில் செல்கிறது, மற்றவர் காட்டியது பல ஆண்டு ஓட்டத்தில் தெரிகிறது. 2016-இல் பொருளியலின் 18 ஆய்வுக்கூடச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 11 மீண்டும் அதே முடிவைத் தந்தன. 2012-இல் புற்றுநோய் ஆராய்ச்சியின் 53 முக்கிய ஆய்வுகளைத் திரும்பச் செய்த ஒரு மருந்து நிறுவனத்துக்கு 6 மட்டுமே தேறின. தவறு செய்வதும் திருத்திக்கொள்வதும் இரு பக்கமும் இருக்கின்றன.

இப்போது எங்களுக்கு நெருக்கமான கேள்விக்கு வருகிறேன். கள் மீதான தடையை நீக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். நீக்கினால் பொள்ளாச்சித் தோப்புக்காரருக்கு மரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள், சித்தூரில் இன்று கிடைக்கும் தொகையை எடுத்து, பொள்ளாச்சி மரங்களால் பெருக்கிவிடுகிறார்கள். லூகாஸ் எச்சரித்தது இதைத்தான். சித்தூர் விலை என்பது பொள்ளாச்சி அடைபட்டிருக்கும்போது உண்டான விலை. பொள்ளாச்சி திறந்த மறுநாள் மரமேறும் கைகளுக்குத் தட்டுப்பாடு வரும், அவர்கள் கூலி ஏறும். பாளை கள்ளுக்குப் போவதால் தேங்காய் வரத்து குறையும், கொப்பரை விலை நகரும். சித்தூர்க் கள்ளின் விலையே பழைய இடத்தில் நிற்காது. தாவரவியல் தந்த ஒன்று முதல் இரண்டு லிட்டர் என்ற எண் மட்டும் அப்படியே இருக்கும்.

அதற்காகக் கணக்கே போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தத் திசையில் எது நகரும் என்பதை மேலே சொன்னபடி பொருளியல் நன்றாகவே சொல்கிறது. எவ்வளவு நகரும் என்பதற்குத்தான் பழைய எண் உதவாது. அந்த அளவை அறிய ஒரு வழி இருக்கிறது. சட்டம் மாறுவதற்கு முன், இப்போதே, வாய்க்காலின் இரு பக்கத்திலும் உள்ள தோப்புகளில் மரத்துக்கு எத்தனை காய், எவ்வளவு குத்தகை, மரமேறிக்கு என்ன கூலி, எத்தனை ஆள் எல்லை கடந்து வருகிறார் என்ற பதிவை மாதந்தோறும் எழுதி வைக்க வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரி மாணவர்களும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்தால் செய்துவிடக்கூடிய வேலைதான் இது. தடை நீங்கிவிட்டால், நீங்குவதற்கு முந்தைய நிலையை அளக்க யாருக்கும் இன்னொரு வாய்ப்புக் கிடைக்காது. மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சிலரோடு நான் இந்தப் பருவத்தில் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் தொடங்கியிருக்கிறேன், அந்தப் பக்கத்தில் யாராவது தொடங்கினால் இரண்டு பதிவும் ஒரே படிவத்தில் இருப்பது நல்லது.